குள்ளன் பாறையின் உயரம்

ஜூன் 3, செவ்வாய்

காலைக் கடல் ஏற்றம் 9.50க்கு, 1.24 மீட்டர். தென்மேற்குக் காற்று. நேற்று சாப்பிட்டது இன்னும் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. அதுவே பெரிய விஷயம்.

இந்தத் துருப்பிடித்த கப்பலில் ஒன்பதாவது நாள். கப்பல் என்பது பேச்சுக்குத்தான். முப்பது வருடத்துக்கு முன் வேண்டுமென்றே பவளத்திட்டின் மேல் ஏற்றி நிறுத்தியது, இனி எங்கும் போகாது. இதில் மணிலா அனுப்பிய நம் வீரர்கள் எட்டுப் பேர் குடியிருப்பதால் திட்டு நம்முடையது என்கிறோம். திட்டின் வாயிலில் இரண்டு வெள்ளைக் கப்பல்களை நிறுத்திவிட்டுத் தங்களுடையது என்கிறார்கள் எதிர்நாட்டார். நடுவில் கடல் அளக்க வந்த நான், நாற்பத்தொன்பது வயதில், அளவுகோலைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

என் வேலை ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்வது. திட்டின் வடக்கு முனையில் ஒரு பாறை இருக்கிறது. இங்கே உள்ளவர்கள் அதற்குக் குள்ளன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வருடத்தின் மிகப் பெரிய ஏற்றத்திலும் அதன் தலை தண்ணீருக்கு மேல் தெரிந்தால் அது நிலம், சுற்றிப் பன்னிரண்டு மைல் கடலுக்கு உரிமை கேட்கலாம். மூழ்கினால் வெறும் கடலடி. பழைய வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி. ஐம்பது வருடமாக யாரும் போய் அளக்கவில்லை. இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி அந்தப் பெரிய ஏற்றம்.

சாப்பிடும்போது லெப்டினன்ட் டுமாலாவ் சொன்னார், "நீங்க ஒரு கோடு போட்டாத்தான் மேடம் நாங்க இங்க நிக்கிறதுக்கு அர்த்தம்." முப்பது வயதுகூட ஆகவில்லை, பேச்சு மட்டும் அமைச்சர் மாதிரி. "கோடு நான் போடறதில்ல சார், தண்ணி போடுது" என்றேன். சிரிக்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

கடவுளே. அந்தப் பாறையின் தலையில் சின்னதாக ஒரு மாதா கெபி கட்டி வைத்திருக்கிறார்கள்!

இன்றுதான் முதல்முறை அருகில் போனேன். இத்தனை நாளும் காற்று விடவில்லை. ரப்பர் படகை ஓட்டி வந்தவர் சார்ஜென்ட் உல்தாரிகோ. இங்கே மூன்றாவது முறையாகப் பணியில் இருக்கிறார். தூரத்திலிருந்து வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கடற்பறவை எச்சம் என்று நினைத்திருந்தேன். கிட்டே போனால் முழங்கால் உயரத்துக்குச் சிமென்ட் மேடை, மேலே சிப்பி பதித்த வளைவு, உள்ளே நீல முக்காட்டோடு மாதா சுரூபம். பாறையின் உச்சி என்று நான் அளக்க வேண்டிய இடம் மொத்தமும் சிமென்ட்டுக்கு அடியில்.

"இது யார் வேலை?"

"நான்தான் மேடம் கட்டினேன். போன வருஷம்." முகமெல்லாம் பெருமை. "எங்கப்பா கொத்தனார். ரெண்டு புயல் பாத்துடுச்சு, ஒரு கீறல் இல்ல பாருங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அளவுகோலைக் கடலில் எறிந்திருப்பேன். மனிதன் வைத்தது எதுவும் கணக்கில் வராது. வெறும் பாறை மட்டும்தான் தலை காட்ட வேண்டும். இந்த மனுஷர் அதை மூடி வைத்திருக்கிறார். அதுவும் மாதாவை வைத்து. பிறகு எவன் கையை வைப்பான்?

திரும்பும்போது கதையைச் சொன்னார். போன வருடம் மார்ச்சில் சாப்பாட்டுப் படகு வந்தபோது வெள்ளைக் கப்பல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது. படகிலிருந்த அவர் கூட்டாளி வென்சியோ கடலில் விழுந்தான். ஐந்து மணி நேரம் ஆளைக் காணோம். 'அவன் உயிரோட கெடச்சா உனக்கு ஒரு கெபி கட்டறேன்' என்று உல்தாரிகோ மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். குள்ளனைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தான் வென்சியோ. கப்பல் ஓட்டையை அடைக்க வந்த சிமென்ட்டில் நேர்ச்சை நிறைவேறியது.

இதற்கு மேல் நான் அவரைத் திட்டுவது எப்படி?

ஜூன் 6, வெள்ளி

குடிதண்ணீர் இன்று முதல் ஆளுக்கு மூன்று லிட்டர். தலை குளிக்கவில்லை. கோபமும் தணியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் மேல்தளத்தில் ஜெபமாலை. எல்லோரும் வடக்கே பார்த்து மண்டியிட்டார்கள். தொலைநோக்கி கைமாறிக்கொண்டே போனது. ஆளுக்கு ஒரு தடவை அதில் மாதாவைப் பார்த்து அருள் நிறைந்த மரியே சொல்ல வேண்டும், அதுதான் இங்கே வழக்கமாம். என்னிடமும் நீட்டினார்கள். பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேலைப்பாடு.

மதியம் மணிலாவிலிருந்து வானொலியில் உத்தரவு: இருபத்தைந்தாம் தேதிக்கு முன் சிமென்ட்டை அகற்றி, இயற்கைப் பாறையை மட்டும் அளக்கவும். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று எழுதி அனுப்பியது நான்தான். லெப்டினன்ட் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டினார்.

உல்தாரிகோ எழுந்து நின்றார். "சார், வேற எந்த உத்தரவு வேணாலும் குடுங்க."

"உத்தரவுல இது வேற, அது வேறன்னு ஏது சார்ஜென்ட்?"

"நேந்துக்கிட்டு வச்சது சார். எடுத்தா, குடுத்ததை மாதா திருப்பிக் கேப்பா." அவர் பார்வை வென்சியோவின் மேல் போனது. வென்சியோ சமையல்கட்டு வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அந்த விபத்துக்குப் பிறகு அவனைப் படகில் ஏற்றுவதில்லை, சமையல்தான். "என்னைத் திருப்பிக் கேட்டா என்னடா செய்வ, பார்சல் கட்டிக் குடுப்பியா?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். உல்தாரிகோ சிரிக்கவில்லை.

ஜூன் 11, புதன்

பௌர்ணமி ஏற்றம், ஒத்திகை அளவு. பாறையருகே இரண்டாவது கோலை ஊன்றப் போனோம். பாதி வழியில் வெள்ளைக் கப்பலிலிருந்து இரண்டு விரைவுப் படகுகள் இறங்கி வந்தன. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், மிக மரியாதையாக, எங்களை எங்கள் கடலிலிருந்து வெளியேறச் சொன்னது. பத்து மீட்டர் தூரத்தில் எங்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். அவர்கள் கிளப்பிய அலையில் படகுக்குள் கணுக்கால் வரை தண்ணீர். கருவிப் பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டேன். தலைக்கவசம் போட்ட ஒருவன் என்னையே படம் பிடித்துக்கொண்டிருந்தான். தலைமுடி சிக்குப் பிடித்துக் கிடக்கிற நாளாகப் பார்த்தா வருவான் பாவி?

மற்றொரு கையால் கோலை இறுகப் பற்றினேன். பயம்தான், வேறென்ன. "கோலை விடாதீங்க மேடம், கோலை விடாதீங்க" என்று உல்தாரிகோ சொல்லிக்கொண்டே படகை நகர்த்தினார். திட்டின் ஆழமில்லாத இடத்துக்குள் நுழைந்துவிட்டார். அவர்கள் படகு கனம், வர முடியாது. எந்தப் பவளம் எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அந்த மனுஷருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். கோலை ஊன்றிவிட்டு வந்தோம்.

ஜூன் 17, செவ்வாய்

சாப்பாட்டுப் படகைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேல்தளத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தோம். தண்ணீர்ப் பீச்சில் அதன் கண்ணாடி உடைந்தது. மாலை சோறும் புளிப்புக் காடியும், ஆளுக்குப் பாதிக் கருவாடு.

உல்தாரிகோ இன்னும் பிடி கொடுக்கவில்லை. லெப்டினன்ட் தண்டனை எழுதப் போகிறேன் என்று மிரட்டினார். எழுதிக்கொள்ளுங்கள் என்றாராம். கடைசியில் வென்சியோவே சமையல்கட்டிலிருந்து வந்தான்.

"எனக்காகத்தானடா வச்ச? நானே ஒடைக்கிறேன். கேக்கறதா இருந்தா அவ என்கிட்டயே கேக்கட்டும்."

"நீ படகுல ஏறமாட்ட."

"ஏறிக் காட்டறேன். அந்தப் பாறை அன்னைக்கு என்னைத் தாங்குச்சு. அது நம்மளுதுன்னு எழுதறதுக்கு மாதா குறுக்க நிப்பாளாடா?"

உல்தாரிகோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் ஒன்றும் கேலி பேசவில்லை.

ஜூன் 19, வியாழன்

நீர் இறங்கும் வற்றம் மாலை ஐந்து மணிக்கு. நான்கு பேர் போனோம்: நான், உல்தாரிகோ, வென்சியோ, காவலுக்குத் துப்பாக்கியோடு ஒருவர். வென்சியோ படகில் கண்ணை மூடிக்கொண்டு வந்தான். உதடு மட்டும் அசைந்தது.

உல்தாரிகோ முதலில் மாதாவைப் பெயர்த்தெடுத்துத் தன் சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டார். பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். வென்சியோவின் உளி விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் தோள் குலுங்கியது. ஒரு மணி நேரம் ஆனது. கொத்தனார் மகன் கட்டியது லேசில் வரவில்லை. வெள்ளைக் கப்பல் கொஞ்சம் நகர்ந்து வந்து பார்த்தது. என்ன செய்கிறார்கள் இந்தப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள்.

கடைசிக் கட்டி கழன்றது. கழுவிவிட்டுக் குனிந்து பார்த்தேன்.

பாறையின் தலை மேசை மாதிரி தட்டையாக இருந்தது.

கடல் இப்படிச் செதுக்காது. வரிசை வரிசையாக உளித் தடம். ஓரத்தில் ஒரே ஒரு இடத்தில் பழைய பாறை கூராக மேலே போக ஆரம்பிக்கிறது, அங்கேயே வெட்டி நிறுத்தியிருக்கிறது. மாதா நேராக நிற்க வேண்டும் என்று, மேடை சரியக் கூடாது என்று, இந்த மனுஷர் குள்ளனின் உச்சியை வெட்டித் தள்ளியிருக்கிறார். எவ்வளவு உச்சி? வெட்டியது எங்கே? கடலுக்குள் போயிருக்கும்.

"தட்டையா அழகா இருக்குல்ல மேடம்? எல்லாம் இவன் கை" என்றான் வென்சியோ. அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. உல்தாரிகோ இன்னும் திரும்பவே இல்லை.

கேட்டிருக்க வேண்டும். "எவ்வளவு வெட்டினீங்க?" இரண்டு வார்த்தை. இருபத்திரண்டு வருடமாக நான் செய்கிற வேலையே கேட்டு எழுதுவதுதான். கேட்கவில்லை. அவர் என்ன பதில் சொல்லுவாரோ என்று பயந்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

இன்னும் பாறை மூழ்காமலே இருக்கலாம். அப்படியானால் கேட்கவே வேண்டாமே. இதைத்தான் காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 25, புதன்

எழுதிவிடுகிறேன்.

எட்டு மணிக்கே போய்விட்டோம். படகைப் பாறைக்கு நான்கு மீட்டர் தள்ளி நங்கூரமிட்டோம். காற்று நல்லவேளையாக அடங்கியிருந்தது. விரைவுப் படகுகள் மூன்று வந்தன. இந்த முறை சுற்றவில்லை, சும்மா வரிசையாக நின்றன. அவர்களுக்கும் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்கிறது. அவர்கள் படகிலும் ஒருவன் கையில் குறிப்பேடு. இரண்டு நாட்டு ஆட்களும் ஒரு குளியல்தொட்டி அகலப் பாறையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம்.

ஒன்பதரைக்குத் தலை மட்டும் தெரிந்தது. பத்து மணிக்குத் தட்டையான பரப்பு மேல் ஒரு அலை ஏறி இறங்கியது. "அலைதான மேடம், அது கணக்கில்லையே?" என்றார் உல்தாரிகோ. கணக்கில்லைதான். பத்து ஏழுக்கு ஏறிய தண்ணீர் இறங்கவில்லை. பாறை மேல் கண்ணாடி மாதிரி நின்றது.

"இன்னும் ஏறுமா?"

"நாப்பது நிமிஷம் ஏறும்."

10.48க்கு உச்சம். நான்கு தடவை அளந்தேன். தண்ணீர் பாறைக்கு மேல் ஏழு சென்டிமீட்டர். அந்தப் படகில் இருந்தவன் குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டான். அவர்கள் ஒரு சத்தமும் போடாமல் திரும்பிப் போனார்கள். ஊளையிட்டிருந்தால்கூடத் தேவலை.

கப்பலில் லெப்டினன்ட் ஏணியருகிலேயே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். வென்சியோ மட்டும், "ஏழு சென்டிமீட்டருக்கா மேடம் இத்தனை பாடு?" என்றான்.

ஜூன் 26, வியாழன்

அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது உல்தாரிகோ வந்து வாசலில் நின்றார். நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்று வென்சியோ சொல்லியிருந்தான்.

"ஏழுன்னா எவ்வளவு மேடம்? காட்டுங்க."

விரலால் காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

"என்கிட்ட ஏதாவது கேக்கணுமா மேடம்?"

அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரியும் என்பதும் தெரிந்துவிட்டது. நான் கேட்டால் சொல்லிவிடுவார், அந்த முகத்துக்குப் பொய் வராது. சொன்னால் நான் எழுத வேண்டும். எழுதினால் பாறையைக் காப்பாற்ற ஒரு வாதம் கிடைக்கும்: இயற்கையில் அது உயர்ந்துதான் இருந்தது, மனிதன் வெட்டினான் என்று. ஆனால் அந்த மனிதனுக்குப் பெயர் இருக்கிறதே. நாட்டின் பாறையை உளியால் வெட்டியவன் என்று தினசரிகளில் அவர் படம் வரும். மூன்று தடவை இந்த இரும்புக் கூண்டில் வந்து கிடந்ததற்கு அதுதான் கூலியா?

"ஒண்ணுமில்ல. போய்ச் சாப்பிடுங்க சார்ஜென்ட்."

கொஞ்சம் நின்றார். போய்விட்டார்.

'பாறையின் நிலை' என்ற இடத்தில், 'உயர் ஏற்றத்தில் மூழ்குகிறது' என்று எழுதினேன். 'பிற குறிப்புகள்' என்ற கட்டத்தில் ஒரு கோடு கிழித்தேன். நல்லது செய்தேனா? யாருக்கு?

ஜூலை 5, சனி

சாப்பாட்டுப் படகு ஒருவழியாக உள்ளே வந்தது. அதில்தான் திரும்பினேன். வென்சியோ ஒரு புட்டி காடியும் மிளகாயும் கொடுத்தான். உல்தாரிகோ கையசைக்க வரவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

அலுவலகம். புதிய வரைபடத்தில் அந்தக் கேள்விக்குறியை இன்று என் கையாலேயே எடுத்துவிட்டேன். மூழ்கும் பாறைக்கான சின்னம் போட்டாகிவிட்டது. அடியில் என் கையெழுத்து. இயக்குநர், "வருத்தமான பதில்தான், ஆனா சுத்தமான வேலை" என்று பாராட்டினார். கழிப்பறையில் போய் அழுதேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலை பத்து மணிக்கு இயக்குநர் கூப்பிட்டார். மேசையில் கோடு போட்ட காகிதம் இரண்டு பக்கம், நீல மையில், பெரிய பெரிய எழுத்து. திட்டிலிருந்து வந்த சத்திய வாக்குமூலம். உல்தாரிகோ தானாக எழுதி லெப்டினன்ட் முன்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 'கெபி கட்டுவதற்காகப் பாறையின் உச்சியை நான் வெட்டினேன், வெட்டாமல் இருந்திருந்தால் அது மூழ்கியிருக்காது, யாருடைய தூண்டுதலும் இல்லை.'

இரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'அளக்க வந்த மேடம் என்னிடம் இதைப் பற்றிக் கேட்டார்கள். எதுவும் வெட்டவில்லை என்று நான் பொய் சொல்லிவிட்டேன். அவர்கள் மேல் தப்பு இல்லை.'

பொய்யே வராத மனுஷர் எனக்காகச் சொன்ன பொய்.

"இப்படியா நடந்தது?" என்றார் இயக்குநர். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் மீன் குழம்பு வைத்திருப்பேன்.

"இல்ல சார். நான் கேக்கவே இல்ல. உளித் தடத்தப் பாத்தேன். பாத்துட்டும் கேக்கல."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஏம்மா?" என்றார். மேடம் போய் அம்மா ஆகிவிட்டது. விசாரணை இருபதாம் தேதி. அதுவரை வரைபடம் அச்சுக்குப் போகாது.

ஆகஸ்ட் 20, புதன்

விசாரணை அறை வாசலில் ஒரே ஒரு நீள பெஞ்ச். உல்தாரிகோ முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். சீருடை தேய்த்துப் போட்டிருந்தார், கழுத்துப் பட்டை பெரிதாகத் தெரிந்தது. மெலிந்துபோய்விட்டார். இனி அவருக்குக் கடல் பணி கிடையாது. என்ன தீர்ப்பு வந்தாலும் அது நிச்சயம் என்று லெப்டினன்ட் முன்கூட்டியே சொல்லிவிட்டாராம்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். அரை மணி நேரம். இயக்குநரிடம் சொன்னதையே சொன்னேன். விசாரிக்க உட்கார்ந்திருந்த மூன்று பேரும் எழுதிக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர், "வாக்குமூலம் மட்டும் போதாது, எவ்வளவு வெட்டினாருன்னு ஒரு அளவு வேணும். இல்லன்னா இது செல்லாது" என்றார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். என்ன சொன்னேன் என்று கேட்டார். சொன்னேன்.

"என்ன மேடம் நீங்க! அவ்வளவு யோசிச்சு எழுதினேன் உங்களுக்காக. முழுசா ஒரு பக்கம். கெடுத்துட்டீங்களே." உண்மையிலேயே கோபம். பக்கத்தில் போன காவலர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க ஏன் எழுதினீங்க? நான்தான் போய்ச் சாப்பிடுங்கன்னு சொன்னேன்ல?"

"எறங்கல மேடம். வென்சியோ உசுரக் காப்பாத்துன பாறை. அதை மூழ்கடிச்சது நான்தான்னு தெரிஞ்சப்புறம் சோறு எப்படி எறங்கும்? நீங்க மூழ்குற பாறைன்னு எழுதினது பொய்யில்ல, சரி. ஆனா அது மூழ்குற பாறை இல்லையே."

பிறகு கேட்டேன். இரண்டு மாதம் தள்ளிக் கேட்டேன்.

"எவ்வளவு வெட்டினீங்க சார்ஜென்ட்?"

அவர் வலது கையைத் தூக்கி விரலை அகல விரித்தார். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை. "சரியா ஒரு சாண். எங்கப்பா கோல் வச்சு அளக்க மாட்டாரு, கையாலதான். நானும் சாண் போட்டுப் பாத்துட்டுத்தான் வெட்டினேன். இப்பவும் அப்படியே ஞாபகம் இருக்கு."

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. எவ்வளவு என்று கேட்டார்கள், ஒரு சாண் என்றார். சென்டிமீட்டரில் சொல்லுங்கள் என்றார்கள். தெரியாது, கை இங்கேதான் இருக்கிறது, அளந்துகொள்ளுங்கள் என்றார். உள்ளே நாற்காலி நகர்ந்தது. யாராவது ஸ்கேல் வைத்திருக்கிறீர்களா என்று ஒருவர் கேட்டார். ஒருவரிடமும் இல்லை போலிருக்கிறது.

என் பையிலிருந்த எஃகு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.